1986ஆம் ஆண்டுப் பிலிப்பைன்ஸ் தேர்தலில் வணிகர் எண்ணிய வாக்குகள்: ஒரு மறுபரிசீலனை

பெர்டினாண்ட் மார்க்கோஸுக்கும் கொராஸோன் அக்கினோவுக்கும் இடையே 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் மணிலாவின் வணிகப் பிரமுகர்கள் ஆற்றிய பணியைக் குறித்து எழுதிய ஆராய்ச்சியாளருள் ஒரு சாரார், நாம்ஃப்ரெல் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் சுதந்திரத் தேர்தலுக்கான தேசியக் குடிமக்கள் இயக்கம் வெளியிட்ட வாக்குத் தொகையை, அதிகாரத்தின் அரவணைப்பை இழந்த ஒரு வர்க்கம் தன் போட்டியாளரை வீழ்த்தக் கையாண்ட கருவியென்றே கொண்டிருக்கின்றனர். அத்தொகை முழுமையானதன்று என்பதும், அது அக்கினோவுக்குச் சாதகமாக முடிந்தது என்பதும், அதனை நடத்தியோர் பின்னர் அவர் மந்திரிசபையில் இடம்பெற்றனர் என்பதும் அவர்கள் காட்டும் மூன்று ஆதாரங்கள். மூன்றும் உண்மையே. ஆயினும் இவற்றிலிருந்து அவர்கள் எய்தும் முடிவு அந்த வாக்குத் தொகையைத் தவறான கேள்வியோடு அணுகியதால் விளைந்தது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். வென்றவர் யார் என்று அறிவிக்கும் தீர்ப்பாக அத்தொகையைக் கொண்டால் அது குறைபாடுடையதே. எண்ணும் உரிமை அரசாங்கம் ஒன்றற்கே உரியதன்று என்பதை நடைமுறையில் நிலைநாட்டிய ஓர் ஆவணமாக அதனைக் கொண்டாலோ, வணிகர்கள் ஜனநாயகத்துக்குச் செய்த சேவையின் இயல்பு வேறு விதமாகப் புலப்படும்.

முதலில் எண்கள். கிரீன்ஹில்ஸில் உள்ள லா சால் கல்விநிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் தொகுக்கப்பட்ட நாம்ஃப்ரெல் கணக்கின்படி அக்கினோவுக்குக் கிட்டிய வாக்குகள் 78 லட்சத்து 35 ஆயிரம். மார்க்கோஸுக்கு 70 லட்சத்து 53 ஆயிரம். பத்தாசாங் பம்பன்ஸா எனப்படும் சட்டசபை பிப்ரவரி 15ஆம் தேதி பிரகடனம் செய்த முடிவின்படி மார்க்கோஸ் பெற்றவை 1 கோடியே 8 லட்சத்து 7 ஆயிரம். அக்கினோ பெற்றவை ஏறத்தாழ 92 லட்சத்து 91 ஆயிரம். முதல் கணக்கு இரண்டாவதன் முக்கால் பங்களவே என்பதைக் காண ஒரு கூட்டலும் ஒரு வகுத்தலும் போதும். இரண்டுக்கும் இடையே எஞ்சி நிற்கும் 52 லட்சம் வாக்குகளே விவாதத்தின் மையம் என்பதால், இக்கட்டுரையின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதாகவே அமைகிறது.

அந்த எச்சத்தை வேட்பாளர்வாரியாகப் பிரித்தால் மார்க்கோஸுக்கு 37 லட்சத்து 54 ஆயிரமும் அக்கினோவுக்கு 14 லட்சத்து 56 ஆயிரமும் விழுகின்றன. அதாவது நாம்ஃப்ரெல் கணக்கில் நூற்றுக்கு 47 பெற்ற ஒருவர், அக்கணக்கின் எல்லையைத் தாண்டியவுடன் நூற்றுக்கு 72 பெற்றவராகிறார். இதைக் கண்டதும் மோசடி நிரூபணமாயிற்று என்று ஆரவாரிப்போர் உண்டு. நான் அவர்களோடு சேரத் தயாராயில்லை. நாம்ஃப்ரெல் கணக்கில் பின்தங்கிய சுமார் 7 லட்சத்து 82 ஆயிரம் வாக்குகளை ஈடுகட்ட, எஞ்சிய பகுதியில் மார்க்கோஸுக்கு நூற்றுக்கு 57.5 வாக்குகளே தேவைப்பட்டன. இலோகோஸ் நோர்த்தே போன்ற அவருடைய சொந்த மாகாணங்களிலும் வடக்கு லூஸோனின் அண்டைப் பிரதேசங்களிலும் அவருக்கிருந்த செல்வாக்கை அறிந்தவர், நேர்மையான தேர்தலிலேயே அங்கே அவர் அந்த விகிதத்தைக் கடந்திருப்பார் என்பதை மறுக்கமாட்டார். எனவே வெறும் கணிதத்தைக் கொண்டு மட்டும் அவர் தோற்றார் என்று சாதிப்பது இயலாது. இவ்வளவு தூரம் மேற்கண்ட ஆராய்ச்சியாளரோடு எனக்கு அபிப்பிராய பேதம் இல்லை.

பேதம் தொடங்குவது அந்த எச்சத்தை அவர்கள் ஒரே பொருளாகக் கருதும் இடத்தில். நாம்ஃப்ரெல் தொண்டர் செல்லாத சாவடிகளின் வாக்குகளே அந்த 52 லட்சமும் என்று அவர்கள் கொள்கின்றனர். அப்படிக் கொண்டால்தான், செல்லாத சாவடிகள் மார்க்கோஸின் கோட்டைகள், ஆகவே நாம்ஃப்ரெல் கணக்கு ஒருபக்கச் சாய்வுடையது என்ற தொடர் நிற்கும். ஆனால் இக்கழித்தல் கணக்கு ஓர் அனுமானத்தை மறைவாகச் சுமந்து நிற்கிறது: நாம்ஃப்ரெல் எண்ணிய சாவடிகளிலெல்லாம் அரசாங்கத்தின் எண்ணும் நாம்ஃப்ரெல் எண்ணும் ஒன்றாகவே இருந்தன என்பதே அது. அந்த அனுமானத்துக்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. சாவடியில் எழுதிய எண் நகரசபை மட்டத்திலோ மாகாண மட்டத்திலோ தொகுக்கப்படும்போது மாறியிருந்தால், அந்த மாறுதலும் இதே எச்சத்துக்குள்தான் வந்து விழும். ஆகவே 52 லட்சம் என்பது இருவேறு பொருள்களின் கலவை: ஒன்று, தொண்டர் கண்ணுக்கு எட்டாத சாவடிகளில் விழுந்த வாக்குகள், மற்றொன்று, தொண்டர் கண்ட சாவடிகளிலேயே, அவர்கள் பிரதி எடுத்துக்கொண்டு சென்ற பின்னர், மேல்நிலைத் தொகுப்பில் ஏறிய அல்லது இறங்கிய எண்கள். முந்திய ஆய்வு முதலாவதை மட்டும் பார்த்தது. இரண்டாவதைப் பார்க்கத் தவறியதாலேயே, குறைபாடு முழுவதையும் நாம்ஃப்ரெலின் தலையில் ஏற்றியது.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் களைந்தாக வேண்டும். அத்தேர்தலில் வாக்குகள் மூன்று தனித்தனி வழிகளில் மேல்நோக்கிப் பிரயாணம் செய்தன. சாவடியில் எழுதப்பட்ட அறிக்கை நகரசபை, மாகாணத் தொகுப்புக் குழுக்களின் வழியே சான்றிதழாக மாறிச் சட்டசபையை அடைந்தது முதல் வழி. சட்டப்படி முடிவைத் தீர்மானித்தது இதுவே. கொமெலெக் என்னும் தேர்தல் கமிஷன், மணிலாவின் பன்னாட்டு மாநாட்டு மண்டபத்தில் கணிப்பொறிகளை அமைத்து நடத்திய துரித எண்ணிக்கை இரண்டாவது வழி. நாம்ஃப்ரெல் நடத்தியது மூன்றாவது. பிப்ரவரி 9ஆம் தேதி இரவு, கணிப்பொறியில் பணியாற்றிய முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்நுட்ப ஊழியர், தாங்கள் பதிந்த எண்களும் பலகையில் காட்டப்பட்ட எண்களும் பொருந்தவில்லை என்று கூறி எழுந்து வெளியேறி, பக்லாரான் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தனர். இந்நிகழ்ச்சியைச் சட்டசபை பிரகடனம் செய்த இறுதித் தொகை பொய்யானதென்பதற்கு நேரடிச் சாட்சியமாக எடுத்தாளுவது வழக்கமாகிவிட்டது. அவ்வூழியர் கண்டது இரண்டாவது வழியில் நடந்ததை. சட்டசபைக்குச் சென்றது முதல் வழியில் வந்த சான்றிதழ்கள். ஒன்றின் கறையை மற்றொன்றின்மேல் பூசுவது, நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது.

அவ்வாறாயின் அவ்வூழியரின் வெளிநடப்புக்கு என்ன மதிப்பு? மேல்நிலையில் எண்கள் மாறக்கூடும் என்பதும், மாற்றும் எண்ணம் உடையோர் அரசாங்க யந்திரத்துக்குள் இருந்தனர் என்பதும் அதனால் தெளிவாகின்றன. முதல் வழியைப் பற்றியோ வேறு தனிச் சாட்சியம் உண்டு: மாகாணச் சான்றிதழ்கள் சிலவற்றில் திருத்தங்களும் கையொப்பக் குறைபாடுகளும் உள்ளன என்று எதிர்க்கட்சி உறுப்பினர் சட்டசபையில் எழுப்பிய ஆட்சேபங்கள் பெரும்பான்மையின் பலத்தால் ஒதுக்கப்பட்டன; அவர்கள் வெளிநடப்புச் செய்த பின்னரே பிரகடனம் வெளியாயிற்று. ஆட்சேபிக்கப்பட்ட சான்றிதழைச் சாவடி அறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவகாசம் வேண்டும், மனமும் வேண்டும். இரண்டும் அச்சபையில் இல்லை. ஒப்பிடுவதற்குரிய பிரதிகள் அப்போது அரசாங்கத்துக்கு வெளியே எங்கே இருந்தன என்றால், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், மாவு ஆலை அதிபர் ஒருவரின் தலைமையில் இருந்தன. எனது வாதத்தின் அச்சாணி இதுவே.

இனி எச்சத்தின் முதற் பகுதிக்கு வருவோம். தொண்டர் கண்ணுக்கு எட்டாத சாவடிகள் ஏன் எட்டாமற் போயின? எல்லாம் வன்முறையினால் என்று சொல்வதற்கில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட ஒரு நாட்டில், மிந்தனாவோவின் மலைக் கிராமங்களுக்கும் சிறு தீவுகளுக்கும் ஆள் அனுப்ப முடியாமற் போனதில் வியப்பில்லை. ஆயினும் வாக்குச்சாவடிகளிலிருந்து தொண்டர் துரத்தப்பட்டதையும், பெட்டிகள் பறிக்கப்பட்டதையும், தலைநகரின் வணிக மையமான மகாத்தியிலேயே கன்னியாஸ்திரீகள் கைகோத்து நின்று பெட்டிகளைக் காக்க நேர்ந்ததையும் வெளிநாட்டுப் பார்வையாளரும் பத்திரிகையாளரும் நேரில் கண்டனர். அந்திக்கே மாகாணத்தில் அக்கினோவின் சார்பாகப் பணியாற்றிய முன்னாள் கவர்னர் எவெலியோ ஹாவியர், வாக்குத் தொகுப்பு நடந்துகொண்டிருந்த பிப்ரவரி 11ஆம் தேதி பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தகைய சூழ்நிலையில், பார்க்கப்படாத சாவடி என்பது நடுநிலையான ஒரு வெற்றிடமாகாது. 2024ஆம் ஆண்டு வரை நடைமுறையிலிருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, முன்வைக்கக் கூடியதாயிருந்தும் முன்வைக்கப்படாத சாட்சியம், முன்வைக்கப்பட்டிருந்தால் அதை மறைத்தவருக்குப் பாதகமாயிருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்க இடம் தந்தது. மார்க்கோஸ் நம் நீதிமன்றங்களுக்கு உட்பட்டவரல்லர். ஆனால் அந்த அனுமானத்தின் நியாயம் தேச எல்லைக்கு உட்பட்டதன்று. சாட்சியை வாயிலில் நின்று துரத்தியவர்கள், பின்னர் சாட்சியம் முழுமையானதன்று என்று வாதாடுவதை வரலாற்றாசிரியர் அப்படியே ஏற்று எழுதுவது எனக்கு ஆச்சரியத்தையும் சற்றே வேதனையையும் தருகிறது.

இந்த அனுமானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் வரையறுத்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன். ஆள் பற்றாமல் விடப்பட்ட தொலைதூரச் சாவடிக்கு அது பொருந்தாது. தொண்டர் துரத்தப்பட்ட சாவடிக்கே பொருந்தும். மறுபுறத்தில், நாம்ஃப்ரெல் கணக்கினால் அளக்கவே முடியாத மோசடி ஒன்றும் அத்தேர்தலில் நடந்தது. வாக்காளர் பட்டியல்களிலிருந்து பெயர்கள் மாயமாயின. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் வாக்களித்து வந்தோர் சாவடிதோறும் தம் பெயரைத் தேடி அலைந்து வெறுங்கையோடு வீடு திரும்பினர். போடப்படாத வாக்கை எந்தப் பிரதியும் பதிவு செய்யாது. ஆகவே அக்கணக்கு ஒரு திசையில் அக்கினோவின் பலத்தை மிகைப்படுத்தியிருக்கலாம் என்றால், மற்றொரு திசையில் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் குறைத்துக் காட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முந்திய ஆய்வில் முதற்பாதி மட்டும் இடம்பெற்றிருக்கிறது.

புள்ளியியல் அறிந்த நண்பர்கள் இங்கே ஒரு தடையை எழுப்புவதுண்டு. நாடு முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் சாவடிகளை மட்டும் எண்ணியிருந்தால் நம்பகமான முடிவு ஓரிரவிலேயே கிடைத்திருக்குமே. எல்லாவற்றையும் எண்ணப் புகுந்து முக்கால் பங்கில் நின்றுபோனது வீண் முயற்சியன்றோ என்பது அத்தடை. 1988ஆம் ஆண்டு சிலி நாட்டில் பினோசெட்டின் ஆட்சி நீடிப்பைப் பற்றிய பொதுவாக்கெடுப்பில் சுதந்திரமான துரித எண்ணிக்கைகள் பயனளித்ததையும், அதன்பின் பல நாடுகளில் மாதிரி எண்ணிக்கையே நடைமுறையானதையும் அவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். வென்றவரை அறிவது ஒன்றே குறிக்கோளானால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் மாதிரி எண்ணிக்கை ஒரு சிலரின் வித்தை. அதை நம்புவதற்குப் பொதுஜனம் நிபுணரை நம்ப வேண்டும். முழு எண்ணிக்கையிலோ, லட்சக்கணக்கான தொண்டரில் ஒவ்வொருவரும் தம் சாவடியின் எண்ணைத் தாமே அறிந்திருந்தனர். அந்த எண் மேலே எவ்வாறு வந்து சேர்ந்தது என்று கேட்கும் தகுதியும் அவர்களுக்கு இருந்தது. சாவடி எண்ணை அறிந்த ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கும் தேசத்தில், மேல்நிலைத் தொகையைத் திருத்துவோர் இரகசியத்தைக் காப்பது கடினம். அறிவியல் நோக்கில் பலவீனமான முறையே குடியுரிமை நோக்கில் பலமானதாயிற்று என்பதே என் துணிபு.

இத்தகைய ஓர் அமைப்பை ஏன் வணிகர்கள் உருவாக்கினர்? வர்க்க நலனை முதற்காரணமாகக் காட்டுவோர் சொல்வதில் மறுக்கமுடியாத பகுதி ஒன்றுண்டு. அதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு செப்டம்பரில் ராணுவச் சட்டம் பிரகடனமானபோது மணிலாவின் வணிகர்களில் பெரும்பாலோர் எதிர்க்கவில்லை; தொழிலமைதி கிட்டுமென்று வரவேற்றவர்களும் உண்டு. லோபெஸ் குடும்பத்தாரிடமிருந்து மெரால்கோ மின்நிறுவனம் பறிக்கப்பட்டபோது மற்றவர் மௌனமாயிருந்தனர். சர்க்கரை வாணிபம் மார்க்கோஸின் நண்பரான ரொபெர்த்தோ பெனெதிக்தோவின் பிடியிலும், தேங்காய்த் தொழில் மற்றொரு நண்பரான எதுவார்தோ கொஹுவாங்கோவின் பிடியிலும் சென்றடைந்த காலமெல்லாம் அந்த மௌனம் நீடித்தது. 1983ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் தேதி, கொராஸோனின் கணவரும் எதிர்க்கட்சித் தலைவருமான பெனிக்னோ அக்கினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் அயல்நாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் அரசாங்கம் தவணை கோரிய பின்னரே, மகாத்தியின் அலுவலகச் சாளரங்களிலிருந்து மஞ்சட் காகிதத் துணுக்குகள் மழைபோற் பொழிந்தன. நாம்ஃப்ரெல் புத்துயிர் பெற்றதும் அதே அக்டோபரில்தான். அதன் தலைவர் ஹோசே கொன்செப்சியோன் மாவு ஆலை அதிபர். கோதுமை இறக்குமதியோ நெடுங்காலம் அரசாங்கத்தின் உணவு முகமையின் தனியுரிமையாயிருந்தது. பதினோராண்டு மௌனத்தின் கறை இவர்கள்மேல் உண்டு. அதை எந்த வாதத்தாலும் கழுவ முடியாது.

ஆனால் சுயநலம் அவர்கள் எப்போது எழுந்தனர் என்பதை விளக்குகிறதேயன்றி, எழுந்து என்ன செய்தனர் என்பதை விளக்குவதில்லை. சுயநலம் ஒன்றே உந்துகோலாயிருந்தால் அவர்களுக்கு இதைவிட எளிய, மலிவான, பழகிப்போன வழிகள் இருந்தன: வேட்பாளர்கள் இருவருக்கும் பணம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருத்தல், மார்க்கோஸோடு சலுகை பேசுதல், வாஷிங்டனில் தூது நடத்துதல், மூலதனத்தை நாட்டைவிட்டு அகற்றுதல். இவற்றை மேற்கொண்டவர்கள் இருக்கவே செய்தார்கள். இவற்றுக்குப் பதிலாகச் சிலர் மட்டும், வெற்றி யாருக்குப் போனாலும் தமக்கு எந்த ஒப்பந்தத்தையும் உறுதி செய்யாத ஒரு பணியில், தம் ஊழியரையும் வாகனங்களையும் தொலைபேசிகளையும் ஈடுபடுத்தியதற்குக் காரணம், அவர்களுடைய தொழிலே அவர்களுக்குப் போதித்த ஒரு பழக்கம் என்றே கருதுகிறேன். ஒருவர் எழுதிய கணக்கை மற்றொருவர் தனித்துக் கூட்டிப் பார்ப்பது, ஒவ்வொரு சீட்டுக்கும் பிரதி வைப்பது, கையொப்பமில்லாத தாளை ஏற்க மறுப்பது ஆகியவை தணிக்கை அறைக்கு உரியவை. அவற்றை வாக்குச்சாவடிக்குக் கொண்டுசென்றதே நாம்ஃப்ரெலின் புதுமை. எந்த நாட்டிலும் அரசாங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்யும் திறன், ஆட்பலம், அமைப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற்ற கூட்டத்தார் மிகச் சிலரே. பாதிரிமாருக்கு ஆட்பலம் உண்டு, வழக்கறிஞருக்குத் திறன் உண்டு, வணிகரிடமே மூன்றும் ஒருசேர இருந்தன.

இக்கூற்றைச் சோதிக்க அந்நாட்டு வரலாறே ஓர் உரைகல்லை அளித்திருக்கிறது. 1978ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த இடைக்காலச் சட்டசபைத் தேர்தலில், சிறையிலிருந்தபடியே போட்டியிட்ட பெனிக்னோ அக்கினோவின் அணி, மாநகர் மணிலாவின் 21 இடங்களில் ஒன்றைக்கூடப் பெறவில்லை. அதற்கு முந்திய இரவு அம்மாநகர் முழுவதும் பாத்திரங்களைத் தட்டியும் வாகன ஒலிப்பான்களை அழுத்தியும் எதிர்ப்பைக் காட்டிய மக்கள், முடிவைக் கேட்டுச் சந்தேகித்தனர். ஆனால் சந்தேகத்தை எண்ணாக மாற்றும் சுதந்திரமான ஸ்தாபனம் அப்போது இல்லை. 1984ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் நாம்ஃப்ரெல் சாவடிகளில் நின்றது. அதே மாநகரில் பெரும்பாலான இடங்கள் எதிர்க்கட்சிகளுக்குச் சென்றன. இடைப்பட்ட ஆறாண்டுகளில் ஒரு படுகொலையும் ஒரு பொருளாதார வீழ்ச்சியும் நேர்ந்தமையால், மாற்றம் முழுவதையும் தொண்டரின் பிரசன்னத்துக்கே உரியதாக்க நான் துணியவில்லை. ஆயினும் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு: 1984இல் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் பெரும்பான்மை பெற்றது மார்க்கோஸின் கட்சியே. பட்சபாதமுடைய கருவி என்று வருணிக்கப்படும் ஸ்தாபனம் காவல் நின்ற தேர்தலில் அக்கட்சி வென்றது. ஸ்தாபனமும் அதற்குத் தடையாக நிற்கவில்லை. 1986ஆம் ஆண்டை மட்டும் தனியே பிரித்து ஆராய்வோர் இதைக் காணாமற் போவது இயல்பே.

வணிகரின் பங்கைப் பகிஷ்காரத்தில் தேடுவோரைப் பற்றிச் சில சொற்கள் போதும். பிப்ரவரி 16ஆம் தேதி லுனேத்தா மைதானத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் அக்கினோ அறிவித்த ஒத்துழையாமை இயக்கம், மார்க்கோஸின் நண்பர்களுக்குச் சொந்தமான வங்கிகளையும் சான் மிகெல் நிறுவனத்தின் பண்டங்களையும் ஒதுக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. பங்குச் சந்தை அதிர்ந்தது உண்மை. எனினும் ஒன்பதே நாளில் மக்கள் எழுச்சியால் மார்க்கோஸின் ஆட்சி கவிழ்ந்துவிட்டமையால் அந்த ஆயுதத்தின் பலம் முற்றும் சோதிக்கப்படவேயில்லை. தவிரவும், பகிஷ்காரத்துக்கு நியாயம் தந்தது அதற்கு முன்பே வெளியாகிவிட்ட எண்ணிக்கையே. பிப்ரவரி 14ஆம் தேதி கத்தோலிக்க ஆயர்கள் இத்தேர்தலின் மோசடி ஈடிணையற்றதென்று அறிக்கை வெளியிட்டபோதும், மோசடி இருதரப்பிலும் நடந்திருக்கலாம் என்று 11ஆம் தேதி கூறிய அமெரிக்க ஜனாதிபதி ரீகன் சில நாட்களிலேயே அதைத் திருத்திக்கொள்ள நேர்ந்தபோதும், மறுக்க வேண்டியவர்கள் முன் ஒரு போட்டி எண் கிடந்தது. அரசாங்கத்தின் எண்ணைத் தவிர வேறெண் இல்லாதிருந்த 1978இல் இவ்வாறு நிகழவில்லை.

அமெரிக்கத் தொடர்பு என்ற ஆட்சேபமும் அடிக்கடி எழுப்பப்படுகிறது. 1951இல் தோன்றி 1953ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் மக்சய்சாயின் வெற்றிக்குத் துணைநின்ற முதல் நாம்ஃப்ரெலுக்கு அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் உதவி இருந்தது என்பது இன்று யாவரும் அறிந்ததே. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பெயரை ஏற்ற ஓர் இயக்கத்தின் கூட்டல் தவறு என்பதற்கு அது எவ்வகையிலும் ஆதாரமாகாது. எண்ணைத் தவறென்று காட்ட விரும்புவோர் எண்ணைக் கொண்டு காட்டட்டும்.

மந்திரிப் பதவிகளைப் பற்றிய ஆட்சேபத்தை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. அக்கினோவின் புதிய அரசாங்கத்தில் கொன்செப்சியோன் வாணிப, கைத்தொழில் மந்திரியானார். மகாத்தி வணிகரில் மிகத் துணிச்சலாகப் பேசியவரான பெங்கேத் நிறுவனத் தலைவர் ஹைமே ஓங்பின் நிதி மந்திரியானார். பதவி பின்னர் வந்ததால் முன்னர் எண்ணிய எண் பொய்யாகிவிடாது என்ற பதில் தர்க்கத்துக்குப் போதும். பொதுவாழ்வின் நெறிக்குப் போதாது. காவற்காரர், காத்த பொருளிலிருந்து பங்கு பெறலாகாது என்பதே என் உறுதியான அபிப்பிராயம். நாம்ஃப்ரெல் தலைவர் ஒரு தேர்தல் காலம் வரையிலேனும் பதவி ஏற்காதிருந்திருந்தால், இன்று இக்கட்டுரை எதிர்கொள்ளும் சந்தேகங்களில் பாதி எழுந்தே இருக்காது. அவருடைய தொண்டர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சேகரித்த எண்களுக்கு அந்த மரியாதையை அவர் செலுத்தியிருக்க வேண்டும்.

இதே கேள்வி வேறொரு வடிவில் 1991இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1986இல் நாம்ஃப்ரெலின் பொதுச் செயலாளராயிருந்த கிறிஸ்தியான் மொன்சோத், தேர்தல் கமிஷனின் தலைவராக நியமிக்கப்பட்டபோது, அப்பதவிக்கு அரசியல் சாசனம் கோரும் பத்தாண்டு வழக்கறிஞர் அனுபவம் அவருக்கு இல்லையென்று வழக்குத் தொடுக்கப்பட்டது; அவர் உலக வங்கியிலும் வணிக நிறுவனங்களிலும் செய்த வேலை வழக்கறிஞர் தொழிலாகுமா என்பதே விவாதம். நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் நியமனத்தை ஏற்றது. சட்ட நோக்கில் அத்தீர்ப்பின்மேல் பலத்த கண்டனங்கள் உண்டு. அவற்றுட் புக இங்கே தேவையில்லை. நம் பொருளுக்கு முக்கியமானது அதன்பின் நடந்தது. அரசாங்கத்துக்கு வெளியே நின்று எண்ணியவர்களுள் ஒருவரே அரசாங்கத்தின் எண்ணிக்கைக்குப் பொறுப்பேற்ற நிலையில், 1992ஆம் ஆண்டு மே மாதம் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. போட்டியிட்ட ஏழு பேரில், தேங்காய்த் தொழிலையும் சான் மிகெலையும் ஒருகாலத்தில் ஆட்டிவைத்த எதுவார்தோ கொஹுவாங்கோவும், மார்க்கோஸின் மனைவி இமெல்தாவும் இருந்தனர். வென்ற பிடெல் ராமோஸ் பெற்றவை நூற்றுக்கு 24க்கும் குறைவான வாக்குகளே. இவ்வளவு மெல்லிய வெற்றி எளிதாகத் தெருக்கலகத்தில் முடிந்திருக்கக்கூடும். இரண்டாம் இடம்பெற்ற மிரியாம் தெஃபென்சோர் சந்தியாகோ முடிவை எதிர்த்துத் தேர்தல் நியாயசபையில் மனுச் செய்தார். பின்னர் அவர் செனட்டராகிவிட்டமையால், மனு கைவிடப்பட்டதாகக் கருதி நியாயசபை 1996இல் அதைத் தள்ளுபடி செய்தது. மொன்சோதின் கமிஷன் நடத்திய அத்தேர்தலின் முடிவின் அடிப்படையிலேயே 1992ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி கொராஸோன் அக்கினோ அதிகாரத்தைத் தம் பின்வந்தவரிடம் ஒப்படைத்தார்.